வாவிக்கரையிற் பரீட்சையும் விடை ஒப்பிடும் கலக்கமும்

பரீட்சை மண்டபத்தின் கதவு திறந்ததும் வெளியே வரும் மாணவர் உடனே வீடு நோக்கிச் செல்வதில்லை. மதிலோரத்து மரநிழலில் நாலைந்து பேராய்க் கூடி, வினாத்தாளை விரித்து, இன்ன வினாவுக்கு யாது விடை என ஒருவரையொருவர் வினவுகின்றனர். மூவர் ஒரு விடையையும் ஒருவன் வேறொரு விடையையும் கூறுமிடத்து அவ்வொருவன் முகம் வாடுகின்றது. சற்று நேரத்தில் அம்மூவருமே பிழைபட்டனர் என ஆசிரியரொருவர் கூற, வாட்டம் இடம்மாறுகின்றது. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் இக்காட்சியைக் காணாதார் இலர்.

இதனை இளமையின் பதற்றமெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஊன்றி நோக்குவார்க்கு இக்கலக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்பது புலனாகும். விடையை ஒப்பிடும் வழக்கம் மாறவில்லை; அவ்விடையை எடைபோடும் தராசு மட்டும் காலந்தோறும் மாறிவந்துள்ளது. அத்தராசு யார் கையில் இருந்தது, எவ்வெவற்றை அளந்தது என்பதை மட்டக்களப்பு நாட்டின் அனுபவங் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பகுதியில் ஆங்கிலக் கல்வி 1814ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வாண்டு மட்டக்களப்புக்கு வந்த உவெசுலியன் மிசன் குருவாகிய வில்லியம் ஓல்ட் அடிகளார் பாடசாலை தொடங்கி, மறுவருடமே இங்கு உயிர்நீத்தார். அவர் இட்ட வித்தே பிற்காலத்து மெதடிஸ்ட் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் எழுந்தது. இலங்கையில் 1880 அளவில் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகளும் அவற்றை அடுத்து இலண்டன் மற்றிக்குலேசன் பரீட்சையும் நிலைபெற்றபின், இக்கல்லூரிகளின் மேல்வகுப்புகள் அவற்றையே இலக்காகக் கொண்டன. வினாக்கள் இங்கிலாந்திலே ஆக்கப்பட்டன. விடைத்தாள்கள் கப்பலேறி அங்கே சென்றன. விடையைத் திருத்துபவர் வாவியையும் அறியார், வயலையும் அறியார். ஆயினும் அத்தராசுக்கு ஒரு தெளிவு இருந்தது. விடை சரியாயின் சித்தி, பிழையாயின் சித்தியின்மை. நண்பனோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் தன் நிலையை ஏறக்குறைய உணர்ந்துகொள்ள முடிந்தது. அப்பரீட்சைக்கு அமர்வதற்கே ஆங்கிலமும் பணமும் வேண்டியிருந்தமையால், பெரும்பாலான பிள்ளைகள் அத்தராசின் அருகிற்கூடச் செல்லவில்லை என்பதையும் மறத்தலாகாது.

அக்காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு காரைதீவிலே 1892இற் பிறந்த மயில்வாகனனார். பின்னாளில் விபுலாநந்த அடிகளாராக உலகம் போற்றியவர். கல்முனையிலும் பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908இல் தமது பதினாறாவது வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே என்பர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். கேம்பிரிட்ஜும் மதுரையும் இலண்டனும் ஆகிய மூன்று தராசுகளிலும் தம்மை நிறுத்துக் காட்டிய அவர், 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, பரீட்சையில் வென்ற ஒருவர் அவ்வெற்றியைத் தம் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராகவும் அவர் அமர்ந்தார். பிறநாட்டார் திருத்திய விடைத்தாளோடு புறப்பட்ட வாவிக்கரை மாணவர் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் பீடத்தை அடைந்த வரலாறு இதுவாகும்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை இந்நாட்டிலேயே நடத்தப்பட்டது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960இல் கலைப் பிரிவிலே தாய்மொழி மூலம் கற்றோர் பல்கலைக்கழகம் புகத் தொடங்கினர். அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து க.பொ.த. உயர்தரமே புகுமுகப் பரீட்சையாக அமைந்தது. ஆங்கிலமும் பணமும் இல்லாத உழவர் பிள்ளைக்கும் மீனவர் பிள்ளைக்கும் கதவு திறந்தது. ஆனால் கதவு அகன்ற அளவுக்கு உள்ளே இடம் பெருகவில்லை. ஆதலின் சித்தியடைதல் மாத்திரம் போதாதாயிற்று. பிறரை முந்துதலும் வேண்டியதாயிற்று. விடை ஒப்பிடும் கூட்டத்திலே இப்போதுதான் ஒரு புதிய கலக்கம் நுழைந்தது. அருகில் நிற்கும் தோழனின் சரியான விடை, மகிழ்ச்சிக்குரியதாக இருந்தது போய், அச்சத்துக்குரியதாயிற்று.

அடுத்த மாற்றம் இதனினும் கடியது. 1970ஆம் ஆண்டுப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு 1971இல் அனுமதி வழங்கியபோது, மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளிகள் பெற்றாற் போதும் எனவும், தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டும் எனவும் வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன. 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சீர்படுத்தும் தரப்படுத்தல் முறை வந்தது. ஒரே விடையை ஒரே அளவு சரியாக எழுதிய இருவரைப் பிரித்தது அவர்கள் எழுதிய மொழி. மதிலோரத்து ஒப்பீட்டினால் இதனை அறிந்துகொள்ள வழியில்லை. எழுபதுகளின் தமிழ் இளைஞர் உள்ளத்தில் இம்முறை விட்ட வடு ஆழமானது. பின்னாளைய இனமுரண்பாட்டை ஆராய்வோர் அனைவரும் அதனைக் குறிப்பிடாது செல்வதில்லை.

1974இல் மாவட்ட ஒதுக்கீட்டு முறை சேர்க்கப்பட்டது. இங்கேதான் மட்டக்களப்பின் அனுபவம் யாழ்ப்பாணத்தின் அனுபவத்தினின்றும் வேறுபடுகின்றது. யாழ்ப்பாண மாணவர் இதனாற் பல இடங்களை இழந்தனர். கல்வி வசதி குறைந்த மட்டக்களப்போ இதனாற் சில இடங்களைப் பெறும் வாய்ப்பை அடைந்தது. தமிழ்மொழியில் எழுதியமையால் ஒருபுறம் இழந்த மாணவன், பின்தங்கிய மாவட்டத்தவன் ஆகையால் மறுபுறம் பெற்றான். இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதலே வரலாற்றாசிரியன் கடமை. மொழிவாரித் தரப்படுத்தல் எழுபதுகளின் இறுதியிற் கைவிடப்பட்டது. மாவட்ட முறையோ உருமாறி நிலைத்தது. இன்று பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் தீவளாவிய திறமையினாலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் இடங்கள் பகிரப்படுகின்றன.

2001 முதல் இசட் புள்ளி முறை வழங்கிவருகின்றது. ஒருவன் பாடமொன்றிற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுக்க வருவது இசட் புள்ளி. மாணவனொருவன் 70 புள்ளி பெற்றான் எனக் கொள்வோம். சராசரி 50, நியம விலகல் 10 ஆயின் அவன் இசட் புள்ளி 2. சராசரி 60 ஆக உயரின் அதே எழுபது 1 ஆகச் சுருங்கும். அவன் விடையில் ஓரெழுத்தும் மாறவில்லை. காணாத ஊர்களிற் காணாத மாணவர் எழுதியவை அவன் நிலையை மாற்றின. பாடங்களின் கடினம் வேறுபடுவதால் விளையும் அநீதியைக் களையவே இம்முறை வகுக்கப்பட்டது, அந்நோக்கம் நியாயமானதே. ஆயினும் கணக்கும் தவறலாம் என்பதற்குச் சான்று உண்டு. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமை வழக்காயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் இருசாராருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது.

இனி, மாவட்டம் என்னும் அளவுகோலையே சிறிது நோக்குவோம். அம்பாறை 1961இல் மட்டக்களப்பினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்துக்குரியது. அடிகள் இக்காலத்திற் பரீட்சை எழுதியிருப்பின் மட்டக்களப்பு மாணவரோடு அன்றி அம்பாறை மாணவரோடே தரவரிசைப்படுத்தப்பட்டிருப்பார். வரைபடத்திற் கீறிய கோடொன்று மாணவனின் விதியைத் தொடுகின்றது. ஆனால் கோடு கீறாத இடத்திலும் பிரிவு உண்டு. வாவிக்குக் கிழக்கே கடலோரமாயுள்ளது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாய் விரிந்திருப்பது படுவான்கரை. பெயர்பெற்ற கல்லூரிகள் எழுவான்கரையிலே அமைந்தன. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயில விரும்பிய படுவான்கரைப் பிள்ளைகள் பலர் நகரை நாடவேண்டியிருந்தது. மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்படும்வரை அவ்வழியே வருவோர் பாதையேறி வாவியைக் கடந்தனர். போர்க்காலத்திற் சோதனைச் சாவடிகளையும் கடந்தனர். அனுமதிப் பட்டியலோ இருகரையையும் ஒரே மாவட்டமாகவே காண்கின்றது. மாவட்டங்களுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வை ஈடுசெய்ய எழுந்த முறை, மாவட்டத்துக்குள்ளே கிடக்கும் வாவியைக் காணவில்லை. பட்டியலை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. அக்கரையிலே விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் நிலைநிறுத்தும்படி கேட்பதும், பழைய மாணவராய் அதற்கு உதவுவதும் நம் கையில் உள்ளன.

மாணவர்க்கு ஒரு சொல். விடையை ஒப்பிடுதல் குற்றமன்று. தன் பிழையைத் தானே கண்டுகொள்ளும் கல்வி அதிலே உண்டு. ஆயின் ஒரு பாடத்துக்கும் மறுபாடத்துக்கும் இடையே அதனைச் செய்வோன், முடிந்ததற்காக வருவதனை இழக்கின்றான். இறுதித் தாளும் முடிந்தபின், ஆசிரியரையும் உடன்வைத்து ஒப்பிடுவதே முறை. அவ்வொப்பீடு உங்கள் அறிவை அளக்கும். உங்கள் இடத்தை அளக்காது. இடத்தை அளக்கும் தராசு நும் மொழியையும் மாவட்டத்தையும் பிறர் பெறுபேற்றையும் சேர்த்தே நிறுத்து வந்துள்ளது என்பதை மேலே கண்டோம். ஆதலின் அத்தராசு தாழ்ந்தபோது தாம் தாழ்ந்துவிட்டதாக எண்ணி மனமுடைதல் தகாது. மதிலோரத்தில் முகம் வாடி நிற்கும் அவ்வொருவனிடம் இதனை எடுத்துரைத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்தல், ஆசிரியராகிய நம் பணிகளுள் ஒன்றாகும்.