பருத்திக் காட்டு நோய்

"கண்டதைத் தின்றால் இப்படித்தான்" என்று நோயாளியைப் பார்த்துச் சொல்லிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அவன் கண்ணில் வேறு எது பட்டது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒருவரின் சரித்திரத்தைப் படித்தபோது, கதை எழுதிப் பிழைக்கிற எனக்கே அது கற்பனையை மிஞ்சியதாகத் தோன்றியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெந்தாற்போல் சிவந்து உரியும், பேதி காணும், முடிவில் சித்தம் கலங்கும். இது தொற்றுநோய் என்றே வைத்தியர்கள் பலரும் நம்பினார்கள். 1914-இல் அரசாங்கம் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டரை அனுப்பியது. அநாதை விடுதிகளிலும் மனநோய் ஆஸ்பத்திரிகளிலும் நோய் தாண்டவமாடியது. அங்கே வேலை பார்த்தவர்களை அது தொடவில்லை. தொற்றுநோய்க்கு எஜமான், ஏழை என்ற பேதம் தெரியுமா? பேதம் சாப்பாட்டில்தான் இருந்தது. மிஸிஸிப்பியில் இரண்டு அநாதை விடுதிகளில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் கொடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டு நோய் அநேகமாக மறைந்தே போயிற்று. அப்படியும் நம்பாதவர்களுக்காக, 1916-இல் நோயாளியின் ரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால், இந்த மக்கள் ஏன் பால் குடிக்கவில்லை என்ற கேள்வி பாக்கி இருந்தது. தென் கரோலினாவில் ஏழு நூலாலைக் கிராமங்களில், எட்கர் ஸிடென்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதார நிபுணருடன் சேர்ந்து, குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. பசு வைத்திருந்த வீட்டில் குறைந்தது. சுற்றிலும் பருத்தியே விளைந்த ஊரிலோ, காசு இருந்தாலும் வாங்கப் பாலும் காய்கறியும் கிடைப்பது அரிதாக இருந்தது.

வாரத்துக்கு உழுத குடியானவன் நிலைமை இன்னும் மோசம். நிலம் பண்ணையாருடையது, வாசற்படி வரை பருத்தி போடவேண்டும். கீரைப் பாத்திக்கு இடமேது? அறுவடை வரை கடனுக்குக் கொடுத்த கடையில் கிடைத்தவை மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகும் பன்றிக் கொழுப்பும். அதை அவனுடைய ருசி என்று சொல்லிவிட முடியுமா?

1921-இல் பருத்தி விலை சரிந்தது. நோய் பெருகும் என்று கோல்ட்பெர்கர் எச்சரித்தார். தென்னாட்டுத் தலைவர்கள் சிலருக்குக் கோபம் வந்துவிட்டது. பஞ்சம் என்று சொல்லி ஊர்ப் பெயரைக் கெடுக்கிறாராம்! 1929-இல் அவர் காலமானார். உணவில் குறைந்த சத்து நிக்கோட்டினிக் அமிலம் என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று.

அதன் பெயர் தெரியாமலே, அதை ஏழைக்கு எட்டாமல் செய்தது எது என்பதை அவர் அறிந்திருந்தார். நாமும் ஒருவனைக் குறை சொல்லுமுன், அவன் ஊர்க் கடையில் என்ன இருந்தது, அவன் மடியில் எவ்வளவு இருந்தது என்று கொஞ்சம் விசாரிக்கலாம்.