பஸ்பி கட்டிய அணி

ஸ்கொட்லாந்தின் லனார்க்சயர் பகுதியிலே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர் ஓபிஸ்டன். 1909ஆம் ஆண்டு அவ்வூரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் மற் பஸ்பி. தந்தையார் 1917இல், முதலாம் உலகப் போரிலே பிரான்சு மண்ணில் மாண்டார். பின்னர், தாயார் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர எண்ணியிருந்தார். அதற்கான அனுமதி வந்து சேருமுன், 1928இல், மஞ்செஸ்ரர் சிற்றிக் கழகம் அந்த 18 வயது இளைஞனை வாரம் 5 பவுண் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. அனுமதிப் பத்திரம் சற்று விரைந்து வந்திருப்பின் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வரலாறு வேறாகவே அமைந்திருக்கும்.

தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடிய பஸ்பி சோபிக்கவில்லை. ஊர் திரும்பிவிடலாமோ என்று எண்ணுமளவுக்கு மனஞ் சோர்ந்திருந்தார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடைப்பட்ட ‘ஹாவ்’ நிலைக்கு மாற்றப்பட்ட பின்னரே அவருடைய ஆட்டம் மலர்ந்தது. அந்நிலையில் நிற்பவருக்குக் கோல் அடிக்கும் புகழ் அரிது. எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, தன் பக்கத்தவருள் எவர் எங்கே ஓடப்போகிறார் என்பதை முன்னரே உணர்ந்து, அவருடைய காலடியிற் சேர்ப்பதே அவரது கடமை. பிறர் ஆற்றலைக் கண்டு அதற்கு வழிவிடும் இக்கலையே பிற்காலத்தில் பஸ்பியின் முகாமைக்கும் உயிராயிற்று. 1934இல் வெம்பிளியில் ‘எவ். ஏ.’ கிண்ணத்தை வென்ற சிற்றி அணியில் அவர் இருந்தார். 1936இல் லிவர்பூல் கழகம் 8,000 பவுண் கொடுத்து அவரைப் பெற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் அவருடைய ஆட்ட வாழ்வை முடித்துவைத்தது.

1945இல் மஞ்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் முகாமையாளர் பதவி அவரைத் தேடி வந்தது. கழகத்தின் ஓல்ட் டிரபோர்ட் மைதானம் ஜேர்மன் குண்டுகளாற் சிதைந்து கிடந்தது. 1949 வரை அயற்கழகமான சிற்றியின் மைதானத்திலேயே ஆட வேண்டியிருந்தது. ஆயினும் பஸ்பி ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றார். அணியைத் தெரிவதிலும் பயிற்றுவதிலும் முடிவு தம்முடையதாகவே இருக்கவேண்டும் என்பதே அது. கழகப் பணிப்பாளர்கள் தாமே அணியைத் தெரிந்த அக்காலத்தில் இது துணிச்சலான கோரிக்கை. பயிற்சியுடை அணிந்து ஆட்டக்காரருடன் களத்தில் இறங்கி ஓடிய முகாமையாளரும் அன்று புதுமையே.

1948இல் கிண்ணமும், 1952இல் லீக் வெற்றியும் கிட்டின. 1911க்குப் பின் கழகம் பெற்ற முதல் லீக் வெற்றி இது. வென்ற அணிக்கு வயதேறியபோது, பஸ்பியும் அவருடைய துணைவர் ஜிம்மி மேர்பியும் பள்ளிப் பருவத்துச் சிறுவர்களைத் தேடி எடுத்து வளர்த்தனர். டங்கன் எட்வேட்ஸ் என்பவர் 16 வயதிலேயே முதலணியில் ஆடினார். இவ்விளைஞர் 1956இலும் 1957இலும் லீக்கை வென்றனர்.

ஐரோப்பியக் கிண்ணப் போட்டி 1955இல் தொடங்கியபோது, செல்சி கழகம் ஆங்கில லீக் நிர்வாகத்தின் சொற்கேட்டு விலகியிருந்தது. அடுத்த ஆண்டு பஸ்பி அத்தடையைப் பொருட்படுத்தவில்லை. வருங்காலம் ஐரோப்பாவில் இருக்கிறது என்று அவர் கண்டது சரியே. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை கொடியது.

1958 பெப்ரவரி 6ஆந் திகதி, பெல்கிரேட் நகரில் ஆடித் திரும்பிய அணி, எரிபொருள் நிரப்ப மியூனிச் நகரில் இறங்கியது. இருமுறை விமானம் எழ முயன்று நின்றது. மூன்றாம் முறை, ஓடுபாதையிற் கிடந்த பனிச்சேற்றில் வேகங் குன்றி, எல்லை வேலியைக் கடந்து மோதியது. மாண்டோர் 23 பேர். அவர்களுள் ஆட்டக்காரர் எண்மர். எட்வேட்ஸ் 15 நாள் உயிருக்குப் போராடி மடிந்தார். பஸ்பிக்கு இறுதிச் சடங்குப் பிரார்த்தனை இருமுறை செய்யப்பட்டது. அவர் பிழைத்தார். மூன்றாம் முயற்சியைத் தாம் தடுத்திருக்க வேண்டுமோ என்ற வேதனை அவரை வாட்டியது. உதைபந்தாட்டத்தையே துறக்க எண்ணியவரை மீளச் செய்தவர் மனைவி ஜீன்.

வேல்ஸ் அணியின் பணிக்காகச் சென்றிருந்தமையால் விமானத்தில் இல்லாதிருந்த மேர்பி, எஞ்சியோரைக் கொண்டு அவ்வாண்டுக் கிண்ண இறுதியாட்டம்வரை அணியை நடத்தினார். அவருக்குரிய புகழ் இன்றும் குறைவாகவே கூறப்படுகிறது. பஸ்பி மீண்டும் கட்டத் தொடங்கினார். 1963இல் கிண்ணம்; 1965, 1967 ஆண்டுகளில் லீக். 1968 மே 29ஆந் திகதி வெம்பிளியில், மேலதிக நேரத்தின் பின், போர்த்துக்கலின் பென்பிக்காவை 4-1 என வென்று யுனைற்றட் ஐரோப்பியக் கிண்ணத்தை ஏந்தியது. இரு கோல் அடித்த பொபி சாள்ற்றனும், பின்வரிசையில் நின்ற பில் ஃபோக்ஸும் மியூனிச்சில் உயிர் தப்பியவர்கள்.

பந்தை உரிய காலடியிற் சேர்க்கத் தெரிந்தவருக்குப் பதவியைக் கைமாற்றுவது எளிதாக இருக்கவில்லை. 1969இல் விலகியவர் கழகத்தை விட்டு அகலவில்லை. அவர் நிழலிற் பதவியேற்ற வில்ப் மக்கின்னஸ் 1970 டிசம்பரில் நீக்கப்பட, பஸ்பியே சில மாதம் திரும்பி வரவேண்டியதாயிற்று. 1967க்குப் பின் நழுவிய லீக் வெற்றி 1993இலேயே யுனைற்றட்டிடம் திரும்பியது. அதைக் கண்ட பஸ்பி, 1994 ஜனவரி 20ஆந் திகதி தமது 84ஆம் வயதிற் காலமானார்.