பெர்லின் நகரத் தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்கள்

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடிய மதுக்கூடங்கள், நடன அரங்குகள், இரவுக் கேளிக்கை விடுதிகள் ஆகியவற்றின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. நோலன்டார்ஃப் சதுக்கத்தை ஒட்டிய ஷோனபெர்க் வட்டாரம் இவற்றுக்குப் பெயர்பெற்றது.

1872இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் பேரரசின் தண்டனைச் சட்டம், ஆண்களுக்கிடையிலான பாலுறவை அதன் 175ஆம் பிரிவில் குற்றமாக்கியது. பெண்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அறைக்குள் நடந்ததை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது காவல்துறைக்கு எளிதாக இல்லை. 1880களில் மேர்ஷைட்-ஹுல்லெசெம் என்ற உயரதிகாரி வேறொரு வழியைக் கைக்கொண்டார். பார்களை மூடினால் அங்கு வருவோர் ஊரெங்கும் சிதறிப்போவார்கள். திறந்திருந்தால் கண்காணிக்கலாம், அவர்களை மிரட்டிப் பணம் பறிப்போரையும் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கண்டும் காணாமையின் நிழலில்தான் பார்கள் பெருகின. கூடவே தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிக் காவல்துறை வைத்திருந்த பெயர்ப் பட்டியலும் நீண்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897இல் 175ஆம் பிரிவை நீக்கக் கோரி ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1904இல் பெர்லினின் தன்பாலீர்ப்பாளர் வாழ்வையும் அவர்கள் கூடும் இடங்களையும் விவரித்துச் சிறுநூல் ஒன்றை எழுதினார். 1919இல் பாலியல் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். உலகப் பயணத்தின்போது 1931இல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்.

முடியாட்சி வீழ்ந்து குடியரசு வந்த 1920களில் இரவு வாழ்க்கை உச்சத்தை எட்டியது. எல்டொராடோ அதன் அடையாளமானது. பெண்ணுடையில் ஆண்கள் பாடி ஆடிய இந்த அரங்கை ஓட்டோ டிக்ஸ் 1927இல் ஓவியமாகத் தீட்டினார். ஆயினும் எல்டொராடோவை வைத்து அக்காலத்தை அளப்பது தவறு. அங்கே வேடிக்கை பார்க்க வந்த பணக்காரர்களும் வெளிநாட்டவரும் ஏராளம். உழைக்கும் இளைஞர்கள் கூடியது கிராய்ஸ்பெர்க்கில் இருந்த கோஸி கார்னர் போன்ற எளிய பார்களில். ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் அறிந்த பெர்லின் அதுவே. பெண்களுக்கும் தனி உலகம் இருந்தது. லோட்டே ஹாம் நடத்திய வியோலெட்டா மன்றம் நடன மாலைகளை ஏற்பாடு செய்தது. அவர்களுக்கான இதழ்கள் தெருக்கடைகளில் வெளிப்படையாக விற்றன. 1928இல் ரூத் ரோலிக் பெண்களின் மதுக்கூடங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். கடையில் ஒரு நூலை வாங்கி, தன்னைப் போன்றவர்கள் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்ல முடிந்தது என்பதைத்தான் அந்தக் காலத்தின் பெரும் சாதனையாகக் கொள்ள வேண்டும்.

வீழ்ச்சி ஹிட்லருக்கு முன்பே தொடங்கியது. 1932 ஜூலையில் ஜெர்மன் பிரதமர் பாப்பனின் அரசு, பெர்லினை உள்ளடக்கிய பிரஷிய மாநிலத்தின் ஆட்சியைப் பறித்தது. புதிய காவல்துறைத் தலைவர் தன்பாலீர்ப்பாளர் நடனங்களுக்குத் தடை விதித்தார். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. காவல்துறை கொடுத்திருந்த சலுகையைக் காவல்துறையே திரும்ப எடுத்துக்கொண்டது. 1933 தொடக்கத்தில் எல்டொராடோவின் முகப்பில் நாஜிகளின் தேர்தல் பதாகைகள் தொங்கின. மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனம் சூறையாடப்பட்டது. நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் தீயிடப்பட்டன. 1935இல் 175ஆம் பிரிவு மேலும் கடுமையாக்கப்பட்டது. நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டு, சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் அணியவைக்கப்பட்டனர்.

போர் முடிந்தபின் பார்கள் மீண்டும் திறந்தன. ஆனால் மேற்கு ஜெர்மனி, நாஜிகள் திருத்திய அதே பிரிவை 1969 வரை வைத்துக்கொண்டது. ஜனநாயக அரசொன்று செய்த இந்தக் கொடுமை இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. மூடிய கதவு, அழைப்புமணி, உள்ளிருந்து பார்க்கும் சிறு துளை என்றே பார்கள் இயங்கின. 1977இல் ஷோனபெர்க்கில் தொடங்கிய ‘அன்டெரெஸ் ஊஃபர்’ என்னும் காபி விடுதி தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி சன்னல்களை வைத்தது. உள்ளே இருப்பவரை வழிப்போக்கர் பார்க்கலாம் என்பது அன்று பெரும் துணிச்சல்.

கிழக்கு பெர்லினில் இடங்கள் மிகக் குறைவு. அங்கே சார்லோட்டே ஃபொன் மால்ஸ்டார்ஃப் என்ற திருநர் செய்த பணி தனித்து நிற்கிறது. முலாக்ரிட்சே என்ற பழைய மதுக்கூடம் இடிக்கப்படவிருந்தபோது, 1963இல் அதன் உள்ளமைப்பை மீட்டுத் தன் அருங்காட்சியகத்தின் நிலவறையில் அப்படியே நிறுவினார். 1970களில் தன்பாலீர்ப்பாளர் குழு ஒன்று அதே நிலவறையில் கூடியது. கிழக்கு ஜெர்மனியில் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எடுக்கப்பட்ட முதல் கதைப்படமான ‘கமிங் அவுட்’ 1989 நவம்பர் 9 அன்று, பெர்லின் சுவர் திறந்த அதே இரவில் வெளியானது.

இரு ஜெர்மனிகளின் இணைப்புக்குப்பின், 1994இல் 175ஆம் பிரிவு முழுதும் நீக்கப்பட்டது. ஆண்களுக்கான இரவு விருந்துகளிலிருந்து வளர்ந்த பெர்க்ஹைன் என்ற நடன விடுதி 2004இல் திறந்து உலகப்புகழ் பெற்றது. போருக்குப்பின் 175ஆம் பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்டோரின் தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் 2017இல்தான் செல்லாதவையாக்கியது. ஒரு தீர்ப்புக்கு 3,000 யூரோ இழப்பீடு என நிர்ணயிக்கப்பட்டது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டிருந்தனர்.