பிரிவு 36.311: ஸ்கூட்டரில் வருபவருக்கு ஓர் உரை

அமெரிக்கக் கூட்டரசு விதித் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் 36.311 என்றொரு சின்னப் பிரிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தானது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2010இல் திருத்தியபோது சேர்ந்த பிரிவு இது. 2011 மார்ச் 15 முதல் நடப்பில் உள்ளது. ஊரிலிருந்து வரும் பெற்றோரை ஆர்லாண்டோவுக்கு அழைத்துப்போகும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மின்ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கலாமா, எங்கே விடுவார்கள், சான்றிதழ் கேட்பார்களா என்று அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தப் பிரிவிலேயே தீர்ந்துவிடுகின்றன. வரிக்கு வரி எடுத்து விளக்குகிறேன். தமிழாக்கம் என்னுடையது, சட்ட நடையைச் சற்று இளக்கியிருக்கிறேன்.

“பொதுமக்கள் வந்துபோகும் இடத்தை நடத்துபவர் அனுமதிக்க வேண்டும்…”

தனியார் நடத்தும் கடை, ஹோட்டல், திரையரங்கு எல்லாம் இதில் அடங்கும். கேளிக்கைப் பூங்காவையோ மூலச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எனவே டிஸ்னி போன்ற நிறுவனத்துக்கு இது கடமை. உபகாரம் செய்வதாக அவர்களும் நினைக்க முடியாது, வாங்குவதாக நாமும் நினைக்க வேண்டியதில்லை. 1990 மார்ச்சில், இந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தபோது, வாஷிங்டனில் கேப்பிட்டல் கட்டடத்தின் முன் பலர் தங்கள் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, கையையும் முழங்காலையும் ஊன்றிப் படியேறினார்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. வாடகைக் கவுன்ட்டரில் கூச்சத்தோடு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படிகள்தாம் என் நினைவுக்கு வரும்.

“…நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் சக்கர நாற்காலியையும், வாக்கர், அக்குள் கட்டை, கைத்தடி, காலிப்பர் போன்ற கையால் இயங்கும் துணைக்கருவிகளையும் பயன்படுத்த…”

ஸ்கூட்டர் என்ற பெயரே இங்கு இல்லையே என்று தோன்றும். அதற்கு 36.104ஆம் பிரிவிலுள்ள வரையறைக்குப் போக வேண்டும். நடமாட்டக் குறைபாடு உள்ளவருக்கென்றே முதன்மையாக வடிவமைத்த, கட்டடத்துக்கு உள்ளே, அல்லது உள்ளும் வெளியும், செல்வதற்கான கருவி எதுவும் சக்கர நாற்காலிதான். கையால் இயங்கினாலும் சரி, மின்சாரத்தால் இயங்கினாலும் சரி என்கிறது அது. நாம் பேசும் ஸ்கூட்டர் இதற்குள் வந்துவிடுகிறது. பிறப்பிலேயே அது அப்படிப்பட்ட கருவி. 1968இல் மிச்சிகனில் ஆலன் தீம் என்பவர் மல்டிபிள் ஸ்க்லிரோஸிஸ் நோயால் நடை தளர்ந்த தம் குடும்பத்தவர் ஒருவருக்காக ‘அமிகோ’ என்ற வண்டியைச் செய்தார். இன்றைய ஸ்கூட்டர்களின் வம்சம் அங்கிருந்து தொடங்குகிறது.

ஆக, சட்டத்தின் கண்ணில் ஸ்கூட்டரும் தாத்தாவின் கைத்தடியும் ஒரே வரிசை. ஸ்கூட்டரில் உட்கார ஒருவர் அறவே நடக்க முடியாதவராக இருக்க வேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் சிக்கல் வருகிறது. என் மாமியார் கும்பகோணத்துக்காரர். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நாள் முழுக்க நடப்பவர். இரண்டு முழங்காலும் தேய்ந்திருப்பது படி இறங்கும்போதுதான் வெளியே தெரியும். ஸ்கூட்டர் என்றதும் மகளைப் பார்த்து, “எனக்கென்ன காலா இல்ல? நாலு பேரு பாத்தா என்னடி நினைப்பாங்க?” என்றார். என் மனைவி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. “கால் இருக்கும்மா. சாயங்காலம் வரைக்கும் அது வேணுமே.”

விஷயம் அவ்வளவுதான். ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டிலுள்ள எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றிப் போகும் பாதை மட்டுமே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அந்த ஏரியை எட்டுவதற்குள் கால் கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்போம். பிறகு வரிசைகள், பிறகு வாகன நிறுத்தம் வரை திரும்பும் தூரம். பத்தடி நடக்க முடிவது ஒன்று, பத்து மணி நேரம் காலில் நிற்க முடிவது இன்னொன்று. மூட்டுத் தேய்மானம், இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் முதலாவதைச் செய்யக்கூடியவர்கள். இரண்டாவதைச் செய்யப்போய் மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள்.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூச்சத்துக்கு அடுத்த தடை பயம். பல ஸ்கூட்டர்களில் கைப்பிடி நடுவே வேகத்தை மாற்றும் ஒரு திருகுக் குமிழ் இருக்கும். ஒரு பக்கம் ஆமை, மறுபக்கம் முயல் படம். நாள் முழுக்க ஆமைப் பக்கமே வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியை ஒட்டிய நெம்புகோலை அழுத்தினால் நகரும். விட்டால் தானே நின்றுவிடும். தனியாக பிரேக் பிடிக்க வேண்டாம் என்பது கைக்குப் பழக கொஞ்ச நேரம் ஆகும். பயந்துபோனவர் இறுக்கிப் பிடிப்பார், இறுக்கினால் வண்டி ஓடும். ஆகவே முதலில் சொல்லித்தர வேண்டியது, “பயமா இருந்தா கைய விட்டுடுங்க” என்பது. கூட்டம் இல்லாத ஓரிடத்தில் திரும்பவும் பின்னால் வரவும் பழகிவிட்டு உள்ளே போவது நல்லது. டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டமில் நுழைந்ததுமே வரும் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை டிராமுக்கான தண்டவாளம் தரையில் பதிந்திருக்கும். அதன் பள்ளத்தில் சிறு சக்கரம் இறங்கிக்கொள்ளாமலிருக்க, தண்டவாளத்தை ஒட்டிப் போகாமல் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். ஃப்ளோரிடாவின் மாலை மழைக்குக் கைப்பிடிப் பலகையை மூட ஒரு பிளாஸ்டிக் பை போதும்.

“…நடந்து செல்வோருக்குத் திறந்துள்ள எந்தப் பகுதியிலும்.”

என் கணிப்பில் பிரிவின் உயிர் இந்தச் சொற்களில் இருக்கிறது. மற்றவர்கள் நடக்கும் இடமெல்லாம் இவருக்கும் உண்டு. வரிசையும் அதில் ஒன்று.

ஸ்கூட்டர் எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்ற எண்ணம் நம்மவரிடம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. மேஜிக் கிங்டமில் பெரும்பாலான வரிசைகள் ஸ்கூட்டர் நுழையும் அகலத்தில் உள்ளன. எல்லோரோடும் அதே வரிசையில், அதே நேரம் காத்திருந்து போக வேண்டும். கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டில் பழைய வரிசைகள் சில மிகக் குறுகல். அங்கே வேறு வாசல் வழியாக அனுப்புவார்கள், அல்லது திரும்பி வர ஒரு நேரம் குறித்துத் தருவார்கள். வரிசையைத் தாண்டுவதற்காகச் சிலர் இந்த ஏற்பாடுகளைத் தவறாகப் பயன்படுத்துவதாகச் செய்திகள் வந்த 2013இல், டிஸ்னி மாற்றுத்திறனாளிகளுக்கான தன் பழைய உதவி அட்டையையே கைவிட்டுப் புதிய முறைக்கு மாறியது. அதன் சுமை உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் தலையில்தான் விழுந்தது.

முன்னால் போக முடியாவிட்டால் ஸ்கூட்டரால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தத் தீம் பார்க்கிலும் நிழலான பெஞ்சுகளைப் பாருங்கள். மடியில் நாலு பை, கையில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் பேரனின் குல்லாய் என்று ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்று காலையில் சொன்னவர். மாலைவரை அவர் பார்த்தது அந்த பெஞ்சிலிருந்து தெரிந்ததை மட்டும். ஊரிலிருந்து அத்தனை தூரம் பறந்து வந்தவரை நாம் சாமான்களுக்குக் காவல் வைக்கிறோம். அவரே விரும்பிச் சொன்னார் என்று நம்பவும் செய்கிறோம். ஸ்கூட்டர் அவரை வரிசைக்குள் கொண்டுவருகிறது. பேரன் கேட்கும் ஆயிரம் கேள்விகளும் அலுப்பும் சிணுங்கலும் வரிசையில்தான் நடக்கின்றன. பாட்டிக்குப் போய்ச்சேர வேண்டியவை அவை.

‘எந்தப் பகுதியிலும்’ என்று சட்டம் சொன்னாலும் கூட்டத்துக்குள் வழி தானாகத் திறப்பதில்லை. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருப்பவை மற்றவர்களின் இடுப்பும் முதுகுப்பைகளும். கைபேசியைப் பார்த்தபடி நடப்பவர் சட்டென நின்றால் இவர்தான் சுதாரிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் இரண்டடி முன்னால் நடந்து வழி விலக்கினால் பாதிக் களைப்பு குறையும். மடியில் குழந்தையை ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு வண்டிக்கு ஒருவர்தான். டிஸ்னி வேர்ல்டில் வாடகை வண்டியை 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டவும் அனுமதியில்லை. பேரன் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் இளகாதீர்கள்.

“மின்சக்தியால் இயங்கும் பிற கருவிகளுக்கு… கருவியின் அளவு, எடை, வேகம், கூட்டத்தின் நெரிசல், இடத்தின் அமைப்பு ஆகியவற்றைக் கருதி…”

நின்றபடி ஓட்டும் செக்வே என்ற இருசக்கர மின்வண்டி போன்றவை இங்கு வருகின்றன. மாற்றுத்திறனாளிக்கென்றே செய்யப்படாதவை என்பதால் நிறுவனம் எடைபோட்டுப் பார்க்கலாம். நம் ஸ்கூட்டருக்கு இந்தப் பகுதி பொருந்தாது. ஆனாலும் ஒரு வழக்கைச் சொல்லாமல் நகர மனமில்லை. தசைச்சிதைவு நோயுள்ள ஒரு தாய், மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு டிஸ்னிலேண்டுக்குச் செக்வேயில் வர விரும்பினார். உட்கார்ந்து எழுவதைவிட நின்றபடி போவது அவருக்கு எளிது. நிறுவனம் மறுத்தது, சக்கர நாற்காலியும் ஸ்கூட்டரும் இருக்கின்றனவே என்றது. 2012இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் வழக்கைக் கீழமை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. எப்படியோ உள்ளே வர முடிகிறது என்பது போதாது. மற்றவர்களின் அனுபவத்துக்கு எவ்வளவு நெருக்கமாக அதை ஆக்க முடியும் என்றும் நிறுவனம் யோசிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

“…நியாயமான பாதுகாப்புத் தேவைகள்.”

இதற்கும் வேறொரு பிரிவைத் துணைக்கு அழைக்க வேண்டும். பாதுகாப்பு விதிகள் உண்மையான ஆபத்தை அடிப்படையாகக் கொண்டவையாக இருக்க வேண்டும்; ஊகத்தின் பேரிலோ, மாற்றுத்திறனாளிகள் என்றால் இப்படித்தான் என்ற பொதுப்படைக் கருத்தின் பேரிலோ விதிக்கக் கூடாது என்கிறது 36.301.

டிஸ்னி வேர்ல்டின் வழிகாட்டி, ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு குறிப்புத் தருகிறது. சிலவற்றில் ஸ்கூட்டரிலேயே இருந்துகொள்ளலாம். ஹால் ஆஃப் பிரசிடென்ட்ஸ் அரங்கம் அப்படி. சிலவற்றில் ஸ்கூட்டரிலிருந்து சாதாரணச் சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும்; ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ பொம்மைப் படகில் நாற்காலியோடு ஏறலாம், ஸ்கூட்டரோடு ஏற முடியாது. சிலவற்றில் ரைடின் இருக்கைக்கே மாற வேண்டும். கடைசி வகையில் நடந்தே ஏற வேண்டும். பீட்டர் பேன் ரைடில் நகரும் பட்டை நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு. இவற்றில் எதுவும் வயதைப் பார்த்தோ உருவத்தைப் பார்த்தோ போட்டதல்ல, இயந்திரத்தைப் பார்த்துப் போட்டது.

குடும்பம் கவனிக்க வேண்டியது, ஊழியர்கள் யாரையும் தூக்கி உட்கார வைக்க மாட்டார்கள் என்பது. இருக்கை மாறுவது அவரும் நீங்களுமாகச் செய்ய வேண்டிய வேலை. வண்டியை இருக்கைக்குப் பக்கவாட்டில் நெருக்கி நிறுத்தி, சாவியைத் திருகி அணைத்த பிறகே எழ வேண்டும். அணைக்காமல் எழும்போது புடவைத் தலைப்போ முழங்கையோ நெம்புகோலில் பட்டால் வண்டி நகர்ந்துவிடும். காலையிலேயே வழிகாட்டியை அவர் கையில் கொடுத்து, எந்த ரைடு வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். என் மாமியார் பொம்மைப் படகை விட்டுவிட்டு ஜங்கிள் குரூஸ் ரைடைத்தான் கேட்டார். நாங்கள் தேர்ந்திருந்தால் நிச்சயம் படகுப் பொம்மைகளைத்தான் காட்டியிருப்போம்.

“சக்கர நாற்காலியில் வருபவரிடம் அவரது குறைபாட்டின் தன்மை பற்றியோ அளவு பற்றியோ கேட்கக் கூடாது.”

என்ன நோய், எத்தனை நாளாக, கொஞ்சம்கூட நடக்க முடியாதா: வாசலில் நிற்கும் ஊழியர் இவற்றில் ஒன்றையும் கேட்க முடியாது. விதியை எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. குறைபாடு கண்ணுக்குத் தெரிந்தால் இரங்குவோம், தெரியாவிட்டால் சந்தேகப்படுவோம். ஸ்கூட்டரில் வந்தவர் எழுந்து நாலடி நடந்து ஐஸ்கிரீம் வாங்கினால் சுற்றியிருக்கும் முகங்கள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் கை ஊழியர்வரைதான் நீளும். கூட்டத்தின் பார்வையை அது தடுக்காது. வீட்டாரின் வாயையும் தடுக்காது. “நேத்து கோயில்ல மூணு சுத்து சுத்தினீங்களே, இன்னிக்கு என்ன?” என்று மகனே கேட்கும் கேள்வி எந்த ஊழியரின் கேள்வியைவிடவும் ஆழமாகக் குத்தும். அந்த மூன்று சுற்றுக்குப் பிறகு இரவு முழுக்க முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்நியரான ஊழியருக்கு மறுக்கப்பட்ட கேள்வியை வீட்டுக்குள் நாம் கேட்காமலிருக்கலாம் என்பதே இந்தப் பிரிவைப் படித்து நான் எடுத்துக்கொண்டது.

“பிற கருவிகளைப் பயன்படுத்துபவரிடம், அது குறைபாட்டினால் தேவைப்படுகிறது என்பதற்கு நம்பத்தக்க உறுதி கேட்கலாம்…”

மறுபடி செக்வே வகைக்கானது. மாநில அரசு தரும் மாற்றுத்திறனாளி வாகன நிறுத்த அட்டையைக் காட்டலாம். அட்டை இல்லாவிட்டால் வாய்மொழியாகச் சொன்னாலே போதும், கண்முன் தெரிவது அதைப் பொய்யாக்காதவரை. சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மாவிடம் அப்படி ஓர் அட்டை இருக்காதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். ஸ்கூட்டருக்கு அதுவும் தேவையில்லை. எங்கே எடுப்பது என்றால், டிஸ்னி வேர்ல்டில் நுழைவாயிலை ஒட்டியே வாடகைக் கவுன்ட்டர் இருக்கும். முதலில் வருபவர்க்கு முதலில் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும். அந்த வண்டியைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வாகன நிறுத்தத்திலிருந்து வாசல்வரை நடப்பதே கடினம் என்றால், ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வெளி நிறுவனங்களிடம் முன்பதிவு செய்துகொள்ளலாம்.