செயின்ஸாவும் சில விரல்களும்

செயின்ஸான்னு சொன்னதும் நம்மில் பாதிப் பேருக்கு முகமூடி போட்ட பேய்ப்பட வில்லன்தான் ஞாபகத்துக்கு வருவான். மீதிப் பேருக்கு, புயலுக்கு மறுநாள் தெருவில் கேட்கும் அந்த 'கிர்ர்ர்ர்' சத்தம். நான் ரெண்டாவது கட்சி. 2018 நவம்பரில் கஜா புயல் அடிச்சு ஓய்ந்தபோது, டெல்டாவில் விழுந்து கிடந்த தென்னைகளை அறுத்துத் தள்ளியதில் இந்த மெஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போதிருந்து இதோட பூர்வீகத்தைத் தேடிப் படிக்கிற பைத்தியம் பிடிச்சுது. படிச்சதில் புரிஞ்சது இதுதான்: இந்த மெஷின் வெட்டக் கத்துக்கிட்டது சீக்கிரம், வெட்டறவனைக் காப்பாத்தக் கத்துக்கிட்டது ரொம்ப லேட்டு.

முதல் ஆச்சரியம், பல் வெச்ச சங்கிலி மரத்துக்காகப் பிறக்கவே இல்லை. 1780-களில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு டாக்டர்கள், எலும்பை அறுக்க ஒரு குட்டிச் சங்கிலி ரம்பத்தை யோசித்தார்கள். இரண்டு முனையிலும் கைப்பிடி, கையால் இழுத்து அறுக்கணும். சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பை அறுக்கவும் அது பயன்பட்டது. மயக்க மருந்து வராத காலம் சாமி! 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனெ, ஒரு தகட்டைச் சுற்றிச் சங்கிலி ஓடுகிற மாதிரி, கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் கருவி செய்தார். இன்றைய செயின்ஸாவின் உருவம் அங்கேயே வந்துவிட்டது.

மரத்துக்கு வந்தது அடுத்த நூற்றாண்டில். 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் கரண்ட்டில் ஓடும் ரம்பம் செய்தார். எடை 64 கிலோ, தூக்க ரெண்டு ஆள். 1927-ல் எமில் லெர்ப் பெட்ரோலில் ஓட்டிக் காட்டினார். 1950-ல் தான் ஸ்டில் கம்பெனி, ஒரே ஆள் தூக்கும் பெட்ரோல் ரம்பத்தை 16 கிலோவில் கொண்டுவந்தது.

நடுவில் ஒரு புழுவின் கதை. பழைய சங்கிலிகளின் பல் கை ரம்பத்துப் பல் மாதிரியே இருக்கும், சீக்கிரம் மழுங்கும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து போவதைக் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்து, மரத்தைச் சுரண்டாமல் சீவி எடுக்கும் பல்லை வடிவமைத்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த அந்தச் சங்கிலியின் வாரிசுதான் இன்றும் ஓடுகிறது.

ஆக எடை குறைஞ்சாச்சு, வேகம் கூடியாச்சு. கையில் பிடிச்சவன் கதி?

முதல் அடி விரலுக்கு. நாள் முழுக்க அதிர்வில் இருந்த கைகளில் ரத்த ஓட்டம் குறைந்து, குளிர் பட்டதும் விரல் வெளுத்து மரத்துப்போகும். இது யாருக்கும் தெரியாத வியாதி இல்லை. 1918-லேயே இண்டியானாவின் கல்தச்சர்களிடம் அலிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஆனாலும் 1960-களில் பல நாட்டு மரவெட்டிகளின் விரல்கள் வெளுத்த பிறகுதான், இன்ஜினுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ரப்பர் வந்தது. ஜப்பானில் 1970 வாக்கில், ஒரு ஆள் நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் செயின்ஸா பிடிக்கக் கூடாது என்றே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

ரெண்டாவது அடி இன்னும் மோசம். 'பார்' எனும் அந்த நீளத் தகட்டின் மூக்கில், மேல் பாதி எதிலாவது இடிச்சா ரம்பம் எகிறி நம்ம முகத்துக்கே வரும். கிக்பேக் என்பார்கள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும், சுதாரிக்க நேரமே கிடையாது. இதுக்காக 1970-களின் தொடக்கத்தில் வந்ததுதான் செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் அந்த பிளாஸ்டிக் கார்டு வெறும் தடுப்பு இல்லை, பிரேக் லீவரே அதுதான். ரம்பம் எகிறும்போது மணிக்கட்டு அதில் மோதினா சங்கிலி நின்றுவிடும். அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலில், புதிதாக வாங்கும் ரம்பத்துக்கெல்லாம் இது கட்டாயம் என்று சட்டம் வந்தது 1995-ல். இருபது வருஷத்துக்கு மேல தாமதம்!

இப்போ நம்ம பக்கம் பாருங்க. கார்டு உடைஞ்ச ரம்பத்தை லுங்கி, ரப்பர் செருப்போட பிடிச்சுக்கிட்டு, "வெட்டறதுக்கு என்ன சார் குறைச்சல்?" என்று சிரிக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வெட்டறதுக்குக் குறைச்சல் இல்லைதான். ஆனா அந்தப் பத்து ரம்பத்தில் ஒண்ணு 1960-க்கே திரும்பிப் போயிடுச்சு.

அதனால, வீட்டிலோ தோப்பிலோ இந்த மெஷின் இருக்கிற மக்களே, ஸ்டார்ட் பண்ணும் முன் கார்டைத் தள்ளி பிரேக் பிடிக்குதான்னு பாருங்க. ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஸ்டார்ட் பண்ணாதீங்க, தரையில் வைத்து காலால் அழுத்திக்கங்க. தோளுக்கு மேலே வேண்டாம், மூக்கால் குத்த வேண்டாம். இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்கணும். சீவல் வராமல் தூள் தூளாக வந்தா பல் மழுங்கிடுச்சுன்னு அர்த்தம். அமுக்காதீங்க, நிறுத்தி அரம் போடுங்க. சங்கிலியைத் தொடணும்னா முதலில் இன்ஜின் ஆஃப். தொங்கும் சங்கிலியை இறுக்கிக்கங்க, ஆயில் வருதான்னு பார்த்துக்கங்க. வேலை முடிஞ்சதும் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்தி வைங்க, ஆறும்போது அது சுருங்கும்.

கார்டு உடைஞ்சிருந்தா? புதுசு வாங்கி மாட்டற வரைக்கும் அந்த மரம் காத்திருக்கட்டும். விழுந்த மரம்தானே, எங்க ஓடிடப் போகுது!