இடுதுளையை அடைத்த கல்: மூடிய கல்லறைகளைத் திறந்த வரலாறு

சங்கராபுரத்துக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. இத்தகைய கல்லறைகளை வட தமிழக ஊர்களில் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் குழி என்றும் சொல்வார்கள். தீமழைக்கும் மண்மாரிக்கும் அஞ்சிய குள்ளர்கள் கட்டிய வீடு என்பது ஊர் நம்பிக்கை. வீடு என்றால் வாசல் வேண்டும். அந்த வாசல்தான் ஆய்வுக்கு உரியது. கல்லறைக்குள் கிடைத்த பானைகளையும் மணிகளையும் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அந்த வாசலை அடைத்த கல்லைப் பற்றி எழுதியது குறைவு. அடைத்திருந்த விதமே முதல் சான்று என்பது என் கருத்து.

நிலத்துக்குள் அமைந்த கல்லறையான கற்பதுக்கையின் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். குழி தோண்டி, தரையில் ஒரு பலகைக்கல் பரப்பி, நான்கு பக்கமும் நான்கு பலகைக்கற்களை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு கல்லின் ஒரு முனை அடுத்த கல்லைத் தாண்டி நீண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தெரியும். வெளியே நிரப்பிய மண் எவ்வளவு அழுத்தினாலும் கற்கள் உட்புறம் சாயாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். மேலே கனத்த மூடுகல். பெரும்பாலும் கிழக்குப் பலகையில் வட்டமாகக் குடைந்த இடுதுளை இருக்கும். அதை வெளியிலிருந்து வேறொரு கல்லால் அடைத்திருப்பார்கள்.

இவற்றைத் திறந்த முதல் தலைமுறையினரில் பலர் துளையைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மலபாரில் தாம் திறந்த குழிகளைப் பற்றி பாபிங்டன் எழுதியது 1823-இல் அச்சேறியது. சுரபுரம் பகுதியில் அகழ்ந்த மெடோஸ் டெய்லர், மண் அடுக்குகளைக் குறுக்குவெட்டாக வரைந்து வைத்தார். அந்தக் காலத்துக்கு அது அரிய கவனம். திருக்கோவிலூர் வட்டாரத்துத் தேவனூர்க் கல்லறைகளையும் அங்கே நிற்கும் கச்சேரிக்கல் என்ற நெடுங்கல்லையும் கார்ஸ்டின் பதிவு செய்தார். தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை 1878-இல் எழுதியவரும் அவரே.

திருப்பம் 1947-இல், கர்நாடகத்துப் பிரம்மகிரியில் வந்தது. மார்ட்டிமர் வீலர் அங்கே கல்லறையின் உள்ளறையோடு, இடுதுளைக்கு வெளியே இருந்த சிறு வழியையும் ஆராய்ந்தார். உள்ளே கிடைத்தவை முழு உடல்கள் அல்ல. ஒருவருக்கு மேற்பட்டோரின், மூட்டு பிரிந்த எலும்புகள். உடலை வேறிடத்தில் கிடத்தி, சதை நீங்கிய பின் எலும்பைச் சேகரித்து இத்துளை வழியே உள்ளே வைத்தார்கள் என்று அவர் கருதினார். அப்படியானால் அடைப்புக் கல் நிரந்தரப் பூட்டு அல்ல, தேவைப்படும்போது நகர்த்திய கதவு. இறந்தோரைத் தாழ்ந்த இடத்தில் வைத்து அடைக்கும் வழக்கத்தை மணிமேகலையும் குறிப்பிடுவதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

எகிப்தின் பெரிய பிரமிடிலும் திறக்கும் முறை மெல்ல மாறியது. 1872-இல் வேய்ன்மன் டிக்சன், அரசியின் அறை எனப்படும் இடத்தின் சுவரை உடைத்தே இரு குறுகிய வழிகளைக் கண்டார். 1993-இல் காண்டென்பிரிங்கின் சிறு இயந்திரம் அவற்றுள் தெற்கு வழியில் ஏறி, இரண்டு செப்பு ஊசிகள் பதித்த அடைப்புக் கல்லின் முன் நின்றது. 2002-இல் அந்தக் கல்லில் சிறு துளையிட்டு நோக்கியபோது அப்பால் இன்னொரு கல். 2023-இல் வடமுகத்தில் 9 மீட்டர் நீள வழி ஒன்று உறுதியானது. வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்களைக் கொண்டு வெற்றிடத்தை முன்பே கணித்து, கற்களின் இடுக்கில் மெல்லிய கேமராவை நுழைத்துப் பார்த்தார்கள். ஒரு கல்லையும் பெயர்க்கவில்லை.

நம் கல்லறைகள் சிறியவை. மியூவான் கருவி அவற்றுக்குத் தேவையில்லை. நிலத்தை ஊடுருவும் ரேடாரும் பொறுமையான அகழ்வும் போதும். கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்தப் பொறுமையைக் காட்டியது. அங்கே ஒரே கல்லறையில் 2000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மேலிருந்து மூடுகல்லைப் புரட்டிப் புதையல் தேடுவோருக்கு மணி கிடைக்கலாம். ஆனால் துளைக்கு வெளியே உள்ள மண்ணைக் கலைத்துவிட்டால், கல்லறை எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற தடயம் அழிந்துபோகும். கல் உடைப்பவரும் நிலம் சமன் செய்பவரும் தொடுமுன் கல்வராயன் மலையின் ஒவ்வொரு கல்லறையையும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இடுதுளை உள்ளவற்றில் அகழ்வைத் துளையின் வெளிப்புறத்திலிருந்து, அடுக்கடுக்காகத் தொடங்க வேண்டும்.