அயல்மண்ணில் படையும் உள்நாட்டுப் பாதுகாப்பும்

அயல்நாட்டு இராணுவத் தலையீடு என்பது ஓர் அரசு தன் எல்லைக்கு வெளியே நடக்கும் போரிலோ கலகத்திலோ தன் படையை இறக்குவது. அந்த நாட்டு அரசின் அழைப்பின் பேரிலும் அது நடக்கும், அழைப்பில்லாமலும் நடக்கும். படை அனுப்பும் அரசுகள் எத்தனையோ காரணங்களை அடுக்கினாலும், தம் குடிமக்களின் பாதுகாப்பு என்ற காரணம் பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைப் பார்க்க 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையின் வரலாறு தெளிவான சான்று. படை போனது பாக் நீரிணையின் அக்கரைக்கு. அதற்கான பழிவாங்கல் நடந்தது சென்னையிலிருந்து 40 கிலோமீட்டரில்.

தலையீட்டின் தொடக்கமாக 29 ஜூலை 1987-ஐக் குறிப்பது வழக்கம். கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள் அது. கணக்கை அங்கே தொடங்கினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அதே ஆண்டிலிருந்து ஈழப் போராளி இயக்கங்களுக்கு இந்திய உளவுத்துறை ஆயுதப் பயிற்சி அளித்தது. வட இந்தியாவிலும், தமிழ்நாட்டில் சேலம் மாவட்டத்துக் கொளத்தூர் போன்ற இடங்களிலும் பயிற்சி முகாம்கள் இயங்கின. கொழும்பை வழிக்குக் கொண்டுவரும் நெம்புகோலாக டெல்லி அவற்றைப் பார்த்தது.

அந்த நெம்புகோல் இந்த மண்ணிலேயே உயிர் குடிக்கத் தொடங்க ஓராண்டுகூட ஆகவில்லை. 2 ஆகஸ்ட் 1984 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டிகளில் வைத்த வெடிகுண்டு அது. பெட்டிக்கு உரியவர் விமானம் ஏறவில்லை, பெட்டிகள் நிலையத்திலேயே தங்கின. குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் அவை உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை. வைத்தவர்கள் தமிழீழ இராணுவம் என்ற சிறு குழுவினர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகள். இந்தியப் படையில் ஒரு சிப்பாய்கூட அப்போது கடல் தாண்டியிருக்கவில்லை.

1987 ஒப்பந்தத்தில் டெல்லிக்கு மூன்று கணக்குகள் இருந்தன. தமிழ்நாட்டின் கொந்தளிப்பைத் தணிப்பது, அகதிகளைத் திருப்பி அனுப்புவது, திருகோணமலைத் துறைமுகம் வேறு வல்லரசின் கைக்குப் போகாமல் தடுப்பது. மூன்றாவது கடிதப் பரிமாற்றமாக எழுத்தில் கிடைத்தது. கையெழுத்தான மறுநாளே, அணிவகுப்பு மரியாதையின்போது, சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவ் காந்தியைத் தாக்கினார். தென்னிலங்கையில் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜேவிபி இந்திய எதிர்ப்பை முழக்கமாக்கிக் கலகத்தில் இறங்கியது. வடக்கில் விடுதலைப் புலிகள் பெயரளவுக்குச் சில ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு மிச்சத்தைப் பதுக்கினார்கள். செப்டம்பர் 26-இல் நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டார். அக்டோபர் 5-இல் பலாலியில், கொழும்புக்குக் கொண்டுபோகப்பட இருந்த புலிகளில் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் சயனைடு கடித்து இறந்தார்கள். பூமாலை போட்டு வரவேற்ற யாழ்ப்பாணத்தின் முகம் சில வாரங்களில் மாறிவிட்டது.

அக்டோபர் 10-இல் 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. மறுநாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் கமாண்டோக்களை இறக்கிப் புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். புலிகள் படையின் கம்பியில்லாத் தகவல்களை ஒட்டுக்கேட்டுத் தயாராகக் காத்திருந்தார்கள். இறங்கும் ஹெலிகாப்டர்கள் சல்லடையாகத் துளைக்கப்பட்டதால் அடுத்தடுத்த அணிகள் வர முடியவில்லை. அதற்குள் இறங்கியிருந்த சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர் தனியாகப் போரிட்டார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்தப் புலிகளில் பலருக்கு ஆயுதம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் இந்தியாதான்.

அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்ததில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். எந்த மக்களைக் காக்கப் போனதாகச் சொல்லப்பட்டதோ, அந்த மக்களின் கண்ணில் அமைதிப்படை ஆக்கிரமிப்புப் படையாகிவிட்டது. இந்தியத் தரப்பில் 1,100-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தார்கள்.

ஜெயவர்த்தனவுக்குப் பின் வந்த பிரேமதாச, படையை வெளியேறச் சொன்னதோடு நிற்காமல் அதை எதிர்த்துப் போரிட்ட புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். கடைசி அணி 24 மார்ச் 1990-இல் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. புலிகளின் போர் அத்துடன் முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் 19-இல், இன்னொரு ஈழ இயக்கமான ஈபிஆர்எல்எஃப்பின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கோடம்பாக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 21 மே 1991 இரவு ஸ்ரீபெரும்புதூர்ப் பிரசாரக் கூட்டத்தில் மனித வெடிகுண்டுக்கு ராஜீவ் காந்தி பலியானார். காவலர்களும் கட்சிக்காரர்களுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் உடன் இறந்தார்கள். இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் கேமரா சேதமில்லாமல் கிடைத்தது. அதன் பிலிமில் சந்தன மாலையோடு நின்ற பெண்தான் புலனாய்வின் முதல் துப்பு.

அமைதிப்படையை அனுப்பியதற்கான பழிவாங்கலே கொலையின் நோக்கம் என்று 1999 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கண்டது. மறுபடி ஆட்சிக்கு வந்தால் ராஜீவ் மீண்டும் படை அனுப்பக்கூடும் என்ற அச்சமும் அதில் சேர்ந்திருந்தது. பதவி போனபின் அவருக்கான சிறப்புப் பாதுகாப்பு விலக்கப்பட்டிருந்ததையும் மறக்கக் கூடாது. பழி தீர்க்க நினைத்தவர்கள் இருந்தார்கள், காவலில் ஓட்டையும் இருந்தது. பின்னதை மட்டும் பேசுவது ஆட்சியாளர்களுக்கு வசதியான வாதம்.

தலையீடு என்றாலே இப்படித்தான் முடியும் என்று சொல்லிவிடவும் முடியாது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தபோதும் இந்தியா வங்க விடுதலைப் படையான முக்தி பாகினிக்குப் பயிற்சி கொடுத்தது, பிறகு படையை இறக்கியது. டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-இல் டாக்காவில் சரணடைதலோடு முடிந்தது. 1972 மார்ச்சுக்குள் இந்தியப் படை வெளியேறியது, அகதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்கள் கேட்ட நாடு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது, துப்பாக்கியைத் திருப்ப வேண்டிய தேவை எழவில்லை. இலங்கையில் இந்தியா தனி ஈழத்தை ஏற்கவேயில்லை. அதைக் கேட்டவர்களுக்கு ஆயுதம் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முன்வைத்த மாகாண சபையை ஏற்கச் சொன்னது. இந்த முரணை எந்தத் தளபதியாலும் களத்தில் தீர்த்திருக்க முடியாது.

1988 நவம்பரில் மாலத்தீவு அதிபர் கயூமைக் கவிழ்க்க முயன்ற கூலிப்படையை ஆக்ராவிலிருந்து பறந்த பாராசூட் வீரர்கள் விரட்டியதும் வேறு வகை. அழைத்த அரசு ஒன்று, எதிரி சிறு கும்பல், வேலை சில நாட்களில் முடிந்தது.

மேற்குலகச் சான்றுகளும் ஒரே திசையில் போகவில்லை. இராக் மீது படையெடுத்தால் அல்-கொய்தா அச்சுறுத்தல் கூடும் என்று பிரிட்டிஷ் உளவுக் கூட்டுக்குழு 2003 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. 2005 ஜூலை 7-இல் லண்டன் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். இராக் போரால் அச்சுறுத்தல் பெருமளவு அதிகரித்தது என்று எம்ஐ5-இன் முன்னாள் தலைவர் எலைசா மானிங்ஹாம்-புல்லர் 2010-இல், அந்தப் போரை ஆராய்ந்த சில்காட் விசாரணையில் சாட்சியம் சொன்னார். ஆனால் ஸ்பெயின் வேறு கதை. 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளில் 190-க்கும் மேற்பட்டோர் இறந்த மூன்றாம் நாள் நடந்த தேர்தலில், இராக்கிலிருந்து படையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்ன எதிர்க்கட்சித் தலைவர் சபடேரோ வென்றார். அதன்பிறகும் ஏப்ரல் 2-இல் செவில் போகும் அதிவேக ரயில் பாதையில் குண்டு கண்டெடுக்கப்பட்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேப், அந்நியப் படையின் ஆக்கிரமிப்பே தற்கொலைத் தாக்குதல்களின் முக்கியக் காரணம் என்று 2005-இல் ஒரு நூல் எழுதினார். மதவெறிதான் காரணம் என்போருக்கு அவர் காட்டிய எதிர்ச்சான்று விடுதலைப் புலிகள். தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் எண்ணிவிட்டு, அந்நியப் படை இருந்தும் தாக்குதல் நடக்காத இடங்களை விட்டுவிட்டார் என்ற மறுப்பு வலுவானது. புலிகளின் முதல் கரும்புலித் தாக்குதலே, அதாவது தற்கொலைத் தாக்குதலே, 1987 ஜூலை 5-இல், ஒப்பந்தத்துக்கு முன்பு, நெல்லியடியில் இலங்கை இராணுவத்தின் மீதுதான் நடந்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தலையீட்டின் நீண்டகாலச் சுமை அகதி முகாம்களின்மேல் விழுந்தது. 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் வெடித்ததும் இன்னொரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு முகாம்களில் கண்காணிப்பு இறுகியது, 1992-இல் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. ராஜீவ் கொலை வழக்கில் சிறையிலிருந்த கடைசி ஆறு பேர் 2022 நவம்பரில்தான் விடுவிக்கப்பட்டார்கள். 14 மே 1992-இல் இந்தியா விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அந்த இயக்கம் போர்க்களத்தில் முடிந்துபோன பிறகும் தடை தொடர்கிறது. 2024 மே மாதம் அது மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.